இருக்கிற நாற்காலியை யார் எண்ணுவது?

மார்ச் மாதக் கடைசி வாரம் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருப்பக்கம் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு வாசலில் மினி லாரி நிற்கும். பாலித்தீன் உறை பிரிக்காத சுழல் நாற்காலிகள் ஒவ்வொன்றாக இறங்கும். உள்ளே இருந்த நாற்காலிகள் வராந்தா மூலைக்குப் போகும். அதற்கும் முன்னால் வாங்கியவை மொட்டை மாடியில் வெயிலும் மழையும் தின்னக் கிடக்கும்.

அதே வராந்தாவில் மனு கொடுக்க வந்த ஒரு பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு உட்கார ஒரு பெஞ்சு இருக்காது.

எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். நாற்காலி வாங்குவதே தப்பு என்று இங்கே யாரும் சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் குனிந்து கோப்பு எழுதும் இளநிலை உதவியாளருக்கு முதுகு வலிக்காத நாற்காலி வேண்டும். வாங்கித்தான் கொடுக்க வேண்டும். தேவை இருக்கும் இடத்துக்குப் போகாமல், பணம் மிச்சம் இருக்கும் இடத்துக்கு நாற்காலி போகிறதே, அதுதான் ஆறவில்லை.

"இப்ப வாங்கலைன்னா ஃபண்டு லேப்ஸ் ஆயிடும் சார்." கேட்டால் வரும் பதில் இது. பொய்யும் இல்லை. அரசு ஒதுக்கீட்டுக்கு ஆயுள் மார்ச் 31 வரைதான். செலவாகாத தொகை திரும்பிப் போய்விடும். போனால் அடுத்த வருடம், "போன முறையே உங்களால் செலவு பண்ண முடியவில்லையே" என்று ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள். அதனால் கடைசி வாரத்தில் எதையாவது வாங்கியாக வேண்டும். ரோடு போட முடியுமா? அதற்கு மதிப்பீடு, டெண்டர், ஒப்பந்தம் என்று மாதக்கணக்கில் ஆகும். ஆள் எடுக்க முடியுமா? அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். நாற்காலி அப்படி இல்லை. கடையில் தயாராக இருக்கிறது. காலையில் கொட்டேஷன், மாலையில் டெலிவரி, மறுநாள் பில்.

இதைத் தடுக்க விதி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசரம் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகவே கருதப்படும் என்று இருக்கிறது. மத்திய நிதி அமைச்சகம் ஒரு படி மேலே போய், கடைசி மூன்று மாதங்களில் வருட ஒதுக்கீட்டில் 33 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, மார்ச்சில் மட்டும் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்தது. அதே விதிப் புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. பொதுப் பணத்தைச் செலவழிக்கும் அதிகாரி, சாதாரண மனிதர் ஒருவர் தன் சொந்தக் காசை எடுக்கும்போது எவ்வளவு யோசிப்பாரோ அவ்வளவு யோசிக்க வேண்டும். சொந்த வீட்டில் சக்கரம் ஒன்று கழன்ற நாற்காலியை யாராவது தூக்கி மாடியில் போட்டுவிட்டுப் புதிது வாங்குவார்களா? சக்கரத்தை மாற்றுவார்கள்.

இதைத் திருப்புலிவனத்தில் நின்று பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், உத்திரமேரூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஊர் இது. புலிக்கால் முனிவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் அவை கணக்குதான். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு. அதிலிருந்து நாளுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு யார் பொறுப்பு என்பது வரைக்கும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒரே ஒரு விளக்குக்கு அத்தனை கணக்கு!

அடுத்த ஊரான உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் உலகத்துக்கே தெரிந்தவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வேலைக்கு ஒரு குழு. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடிகூட உத்திரமேரூரைக் குறிப்பிட்டுப் பேசினார்.

குடத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் வருத்தம். அந்தக் கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது என்று இருக்கிறது. அவர் பெயர் மட்டுமா? அவருடைய சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று உறவுப் பட்டியலே போட்டு, அத்தனை பேரையும் விலக்குகிறது. (அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்குத்தான் இடம். ஊரின் மற்றவர்களுக்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.) ஆனாலும், கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி பொறுப்பு கிடையாது என்ற அந்த ஒரு விதியை இன்றைக்கு எத்தனை அலுவலகம் தாங்கும்?

இப்போது அலுவலகத்துக்குள் வருவோம்.

எந்த அரசு நாற்காலியையும் திருப்பிப் பாருங்கள். முதுகிலோ காலிலோ வெள்ளை பெயின்டில் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். அலுவலகச் சுருக்கப் பெயர், வரிசை எண், ஆண்டு. அந்த எண் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு வரியில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய், நாற்காலி இருக்கிறதா, நல்ல நிலையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். விதி அதுதான். உடைந்தது என்றால் பழுது பார்க்க வேண்டும். முடியாது என்றால் முறைப்படி கழிவு செய்து ஏலம் விட வேண்டும்.

இந்தச் சின்ன வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சண்டிகர்தான் சாட்சி.

1950-களில் சண்டிகர் நகரம் எழும்பியபோது, அதை வடிவமைத்த லெ கார்பூசியேயின் உறவினரும் சக கட்டடக் கலைஞருமான பியர் ஜான்னரே அங்கேயே தங்கி வேலை பார்த்தார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம் எல்லாவற்றுக்கும் மேசை நாற்காலி தேவைப்பட்டது. அவருடைய குழு உள்ளூர்த் தச்சர்களை வைத்தே செய்ய வைத்தது. தேக்குச் சட்டம். தலைகீழ் 'வி' மாதிரி விரிந்த கால்கள். உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல். வெயில் ஊருக்கு ஏற்ற நாற்காலி. முதுகில் காற்றுப் போகும், வியர்க்காது. எழுத்தர் முதல் நீதிபதி வரை அதில்தான் உட்கார்ந்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? பிரம்பு அறுந்தது, பாலிஷ் போனது. பழசு என்று முத்திரை குத்தினார்கள். புது ஸ்டீல் நாற்காலி, மெத்தை வைத்த சுழல் நாற்காலி வாங்கினார்கள். தேக்கு நாற்காலிகள் மாடியிலும் முற்றத்திலும் குவிந்தன. பிறகு காயலான் விலைக்கு ஏலம் போயின. வாங்கியவர்களில் வெளிநாட்டு வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்கள் புதிதாகப் பிரம்பு பின்னி, மெருகேற்றி, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏல மன்றங்களில் வைத்தார்கள். ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போனது. அந்த நாற்காலி அசல்தானா என்று உறுதி செய்ய வாங்குபவர்கள் தேடுவது எதைத் தெரியுமா? முதுகில் ஏதோ ஒரு குமாஸ்தா பெயின்டில் எழுதிய அந்த ஸ்டாக் நம்பரை.

2011-இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு, இவற்றை விற்கவோ ஏலம் விடவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது என்று ஆணை போட்டது. அதன் பிறகு உட்கார்ந்து எண்ணினார்கள். 12,793 பாரம்பரியப் பொருள்கள் மிச்சம் இருந்தன. முதலில் எண்ணியிருந்தால் போனதும் மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கதையில் மனசு ஆறாத விஷயம் விற்ற விலை இல்லை. அந்த நாற்காலிகளுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் பிரம்பும் ஒரு ஆளின் உழைப்பும்தான். அதைக் கொடுக்க அலுவலகத்துக்கு மனம் வரவில்லை.

அந்த ஆள் யார் தெரியுமா? பல ஊர்களில் அவர் பார்வையற்றவர். நாற்காலிக்குப் பிரம்பும் பிளாஸ்டிக் ஒயரும் பின்னுவது இந்தியா முழுக்கப் பார்வையற்றோருக்குப் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தந்த தொழில். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். முதலில் நேர் இழை, அதன்மேல் குறுக்கு இழை, பிறகு இரண்டு பக்கமும் மூலை வாட்டமாக. விரல் நுனியால் துளையைத் தடவிப் பார்த்து, அடுத்த இழையை விட்டு, சுண்டி இழுத்து இறுக்குவார்கள். இழுப்பு ஒரே சீராக இருந்தால்தான் உட்காரும்போது குழி விழாது. கண் தேவையில்லை, கை போதும். அலுவலகங்கள் ஒயர் சேரைக் கைவிட்டு ஃபோம் மெத்தைக்கு மாறியபோது இந்தக் கைகளுக்கான வேலை மெல்ல மெல்லச் சுருங்கியது. புது நாற்காலி வாங்கிய பில்லில் இந்த இழப்பு எங்கேயும் எழுதப்படவில்லை.

சரி, சுழல் நாற்காலியையாவது பழுது பார்க்கிறார்களா? அதன் உயிர் நடுவில் இருக்கும் கேஸ் சிலிண்டரில் இருக்கிறது. அது கசிந்தால் உட்கார்ந்ததும் நாற்காலி கீழே இறங்கிவிடும். சிலிண்டரை மட்டும் கழற்றி மாற்றலாம். ஐந்து கால் நட்சத்திர அடிப்பாகம் விரிசல் விட்டால் அதையும் மாற்றலாம். ஒவ்வொன்றும் நாற்காலி விலையில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் புதிதாக வாங்குவதற்கு ஒரு கணக்குத் தலைப்பு, பழுது பார்ப்பதற்கு இன்னொரு தலைப்பு. முதல் தலைப்பில் காசு கிடக்கும், இரண்டாவதில் இருக்காது. மேசைகளின் கதை இதைவிட மோசம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மேலே பளபளப்பாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஐப்பசி மழையில் சுவர் ஓரம் கசிந்தால் போதும், ஓரம் உப்பிக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை உப்பியது திரும்ப அமுங்காது. தேக்கு மேசையை வெளியேற்றிவிட்டு இதை உள்ளே கொண்டுவந்து வைக்கிறோம் என்பதை நினைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

நல்ல உதாரணமும் நம் சென்னையிலேயே இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையில், சட்டமன்றத்தில் பேரவைத் தலைவர் உட்காரும் அந்த உயரமான நாற்காலி 1922 மார்ச்சில் அன்றைய ஆளுநர் வில்லிங்டனும் அவர் மனைவியும் பரிசாகக் கொடுத்தது. நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, நாற்காலி அதேதான். துடைத்து, மெருகு போட்டு, பழுது பார்த்து வைத்துக்கொண்டால் ஒரு நாற்காலி எத்தனை தலைமுறை உழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே சட்டமன்றத்தின் கட்டடக் கதையை நினைத்தால் வயிறு எரிகிறது. 2010 மார்ச் 13 அன்று ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற-தலைமைச் செயலக வளாகத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். கட்டடத்தின் மேலிருக்கும் குவிமாடம் முடியாததால், திறப்பு விழாவுக்காகச் சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகமாக ஒன்று அமைத்தார்கள். கோட்டையில் காலியான பழைய மன்றத்தில் செம்மொழி நூலகம் வந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு கோட்டைக்கே திரும்பியது. நூலகம் வெளியேறியது, மேசை நாற்காலிகள் மறுபடி உள்ளே வந்தன. ஓமந்தூரார் கட்டடம் பன்னோக்கு மருத்துவமனையாக மாற்றப்பட்டு 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஏழை நோயாளிகளுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிறது, அது நிம்மதி. ஆனால் சட்டமன்றத்துக்கு என்று அளவெடுத்துக் கட்டியதை இடித்து, தடுத்து, படுக்கை போட ஆன செலவு யாருடையது? கட்டியதில் முறைகேடு நடந்ததா என்று விசாரிக்க 2011-இல் ஓர் ஆணையம் போட்டார்கள். அந்த ஆணையத்துக்கே 2018-க்குள் நான்கு கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. உயர் நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்டது. கட்டியவர்களும் மாற்றியவர்களும் இரண்டு கட்சி. பணம் ஒரே மக்களுடையது.

ஆந்திரத்தில் இன்னொரு விதம். ஹைதராபாத்திலிருந்து அமராவதிக்குச் சட்டமன்றம் மாறியபோது அங்கிருந்த நாற்காலி, சோபாக்களில் சில முன்னாள் சபாநாயகரின் முகாம் அலுவலகங்களுக்குப் போனதாக 2019-இல் வழக்கு வந்தது. 2024-இல் ஆட்சி மாறியதும், முன்னாள் முதலமைச்சரின் முகாம் அலுவலகத்தில் இருக்கும் அரசு நாற்காலிகள் பற்றி எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பியது. யார் சரி, யார் தப்பு என்பதை விட்டுவிடலாம். எந்தப் பொருள், எங்கே, யார் பொறுப்பில், எப்போது திரும்ப வர வேண்டும் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பட்டியல் இருந்திருந்தால், இரண்டு சண்டைக்குமே வேலை இருந்திருக்காது.

அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு துறைத் தலைவரின் அலுவலக அலங்காரத்துக்கும் மேசை நாற்காலிக்கும் 5,000 டாலருக்கு மேல் போனால் நாடாளுமன்றக் குழுக்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டுவசதித் துறை அமைச்சர் பென் கார்சனின் அலுவலகத்துக்கு 31,000 டாலருக்கு மேல் விலையுள்ள சாப்பாட்டு மேசை செட்டுக்கு ஆர்டர் போன விஷயம் 2018-இல் வெளியே வந்து, நாடே பேசியது. ஆர்டரை ரத்து செய்தார்கள். மேசை வரவே இல்லை. ஆனாலும் சொல்லாமல் ஆர்டர் போட்டதே சட்ட மீறல் என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2019-இல் எழுதி வைத்தது. அமைச்சர் தனிப்பட்ட முறையில் தவறு செய்யவில்லை என்று உள் விசாரணை சொன்னது. இருந்தாலும் ஒரு மேசைக்கு இத்தனை பேர் பதில் சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள். அது வேண்டும் நமக்கு.

இத்தனையும் ஒரு பக்கம் இருக்க, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையை மறக்க முடியுமா?

2020 அக்டோபரில் அந்த ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். ஊராட்சிச் செயலர் இடைநீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அது ஏதோ ஒரு ஊரின் விஷயம் என்று விட முடியவில்லை. 2022-இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தபோது, 22 ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவருக்கு நாற்காலி இல்லை என்று தெரிந்தது. மாடியில் நாற்காலி மழையில் நனைகிற அதே மாநிலத்தில்! வாங்கும்போது மட்டும் கணக்குப் போட்டு, அதில் யார் உட்கார்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டால் இந்த நிலைமைதான் வரும்.

திருப்புலிவனத்துக்காரர் ஒருவரால் என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும்.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் மட்டும் 73 ஊராட்சிகள் இருக்கின்றன. முன்பு வருடத்துக்கு நான்கு கிராம சபை. 2022 முதல் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது பெரும்பாலும் சாலை, குடிநீர், தெருவிளக்குதான் கேள்வி. அவை முக்கியம்தான். கூடவே, "இந்த வருடம் நாற்காலி, பீரோ, மேசை என்ன வாங்கினோம்? பழசு எங்கே இருக்கிறது? பதிவேட்டைக் கொண்டுவாங்க, பார்க்கலாம்" என்று எழுந்து கேட்கலாம். அங்கன்வாடிக் குழந்தைக்கு உட்காரச் சின்ன நாற்காலி இருக்கிறதா, மனு கொடுக்க வருகிற முதியவருக்குப் பெஞ்சு இருக்கிறதா என்றும் கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து கேட்டால் தீர்மானத்தில் ஏறும்.

ஊராட்சிக்கு மேலே உள்ள அலுவலகங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத் தாள். எத்தனை நாற்காலி வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டால் ஓர் எண் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இருப்புப் பதிவேட்டின் நகல், கடைசியாக நேரடிச் சரிபார்ப்பு நடந்த தேதி, அதில் கையெழுத்துப் போட்டவரின் பதவி, மார்ச் மாதத்தில் மட்டும் அறைகலனுக்கு ஆன செலவு, பழுது பார்க்க ஆன செலவு, ஏலம் விட்டதில் வந்த தொகை என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். பொதுமக்கள் காத்திருக்கும் இடத்துக்கு என்று எத்தனை பெஞ்சு வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டை நேரில் வந்து பார்க்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். அனுப்பும்போது விரைவுத் தபாலில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள்.